மூன்று முறை பழுது பார்த்தும் பிரேக் பிடிக்காத பிக்கப்

மலையடிவாரத்து விவசாயிக்கு இன்று பிக்கப் வண்டி ஒரு ஜோடி உழவு மாட்டுக்குச் சமம். ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பக்கத்தில் பலர் கடனில் பிக்கப் வாங்கி, சொந்தச் சரக்கை ஏற்றியது போக மீதி நாளில் வாடகைக்கும் ஓட்டுகிறார்கள். நிலக்கடலை, மக்காச்சோளம், தேங்காய், மாங்காய் எல்லாம் போடிக்கும் தேனிக்கும் போவது இதில்தான். ஏலத்தோட்டத்துக்குத் தொழு உரம், அரிசி, காய்கறி மேலே ஏறுவதும், காப்பி, மிளகு மூட்டைகளும் பலாப்பழமும் கீழே இறங்குவதும் இதில்தான். தரையில் ஓடும் வரை இந்த வண்டியின் பிரேக்கைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. போடிமெட்டிலிருந்து முந்தல் வரை ஒரு முறை பாரத்துடன் இறங்கினால்தான் பிரேக் எப்படி இருக்கிறது என்பது தெரியும்.

எங்கள் குடும்பத்து வண்டி ஒரே ஆண்டில் மூன்று தடவை பிரேக் வேலைக்குப் போய் வந்தது. மூன்று தடவையும் சரியானது போலத் தோன்றி, மூன்று தடவையும் பழைய கோளாறே திரும்பியது. முடிவில் கண்டுபிடித்த காரணம் நாங்களே செலவு செய்து வரவழைத்துக்கொண்டதுதான். அதே காரியத்தைச் செய்திருக்கும் வண்டிகள் இந்தப் பக்கத்தில் நிறைய இருப்பதால் இதை எழுதுகிறேன்.

புலியூத்துக்குக் கீழே நடந்தது

பலாப்பழக் காலம். வண்டி நிறைய பழம். ஓட்டி வந்தவர் என் தம்பி. மேலே நாலைந்து வளைவுகள் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு எதோ கருகும் வாடை. புலியூத்து தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தபோது, பஞ்சு மூட்டையை மிதித்தது போல உள்ளே போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. தம்பி பதறாமல் இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு மாற்றி, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து மண் திட்டில் வண்டியை உரசி நிறுத்திவிட்டார். ஒரு பக்கத்துத் தகரம் நசுங்கியதோடு போயிற்று. எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், முக்கால் மணி நேரம் நின்ற பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால் பழையபடி கெட்டியாக இருந்தது! மெதுவாக ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் பட்டறையில் பார்த்தவர், "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே பிடிக்குது" என்றார். முன் சக்கரத்துப் பேட் தேய்ந்திருந்தது. அதை மாற்றி, ஏர் எடுத்து அனுப்பினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே வாடை, அதே பஞ்சுப் பெடல். இந்த முறை மாஸ்டர் சிலிண்டர் மாற்றினோம். மூன்றாவது முறை முன் டிஸ்க்குகளையே மாற்றினோம். அப்போதும் தீரவில்லை.

நான்காவதாகப் பார்த்தவர் வயதான மெக்கானிக். பெடலைத் தொடவே இல்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அங்கிருந்தபடியே கேட்டார்:

"பின்னாடி ஷூ எப்பத் தம்பி மாத்துனீங்க?"

"மாத்தவே இல்லண்ணே. வாங்குனப்ப இருந்த மாதிரியே இருக்கு."

"அதான் சங்கதி. முன்னாடி மூணு செட்டு தேஞ்சு போச்சு, பின்னாடி தேயவே இல்லைன்னா, பின் சக்கரம் வேலையே செய்யலைன்னு அர்த்தம். பட்டை எத்தனை சேத்திருக்கீங்க?"

பின் ஷூ புதிது போலவே இருக்கிறதே என்று நாங்கள் அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பட்டைக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

வண்டி வாங்கிய மாதமே பின்புறம் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்திருந்தோம். பாரம் ஏற்றினால் வண்டி உட்காரக் கூடாது என்பதற்காக ஊரில் பலரும் செய்வதுதான். ஆனால் பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே, சேசிஸில், ஒரு சிறிய வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பியோ சுருள் ஸ்பிரிங்கோ இறங்கி அச்சோடு இணைந்திருக்கும். பாரம் ஏறினால் வண்டி தாழும்; சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி குறையும்; கம்பி அதற்கேற்ப அசைந்து, "பாரம் இருக்கிறது, பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் விடு" என்று வால்வுக்குச் சொல்லும். காலி வண்டியில் இடைவெளி அதிகம். பின் சக்கரத்துக்கு வால்வு கொஞ்சமாகத்தான் அழுத்தம் விடும். காலியாக இருக்கும்போது பின் சக்கரம் இறுகிக்கொண்டு வண்டி சறுக்கிவிடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பட்டறைகளில் லோடு வால்வு என்கிறார்கள்.

பட்டை சேர்த்தால் என்ன ஆகும்? ஒன்றரை டன் ஏற்றினாலும் வண்டி தாழாது. கம்பி அசையாது. வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு நினைத்துக்கொண்டிருக்கும். பின் சக்கரங்கள் பேருக்குத்தான் பிடிக்கும். மூன்று டன் எடையை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்கள் இரண்டின் தலையில் விழும். சமதரையில் இது தெரியாது. மலை இறக்கத்தில் முன் டிஸ்க் பழுக்கக் காய்ந்துவிடும்.

எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு கணக்கு. போடிமெட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 17. சரக்கோடு 3 டன் எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சினும் காற்றும் சாலையும் ஏற்றுக்கொண்டது போக, மீதியை முழுதும் பிரேக்கே தாங்க வேண்டும். நான்கு சக்கரம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய சூட்டை இரண்டு சக்கரத்திடம் விட்டால் வேறென்ன நடக்கும்?

இன்னும் சிலர், பின் பிரேக் குறைவாக இருக்கிறதென்று அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுகிறார்கள். இது அதைவிட மோசம். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக மழைச் சாலையில் வரும்போது பின் சக்கரம் இறுகி, வண்டி குறுக்கே திரும்பிவிடும். கம்பியின் நீளம், வால்வின் நிலை இவற்றுக்கு வண்டிக் கம்பெனி அளவு கொடுத்திருக்கிறது. அந்த அளவு தெரிந்தவரிடம்தான் சரிசெய்ய வேண்டும். சில புதிய வண்டிகளில் இந்த வால்வுக்குப் பதில் மின்னணு முறை இருக்கலாம். உங்கள் வண்டியில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும்

பெடல் ஏன் பஞ்சாயிற்று, ஆறியதும் ஏன் கெட்டியாயிற்று என்பது அடுத்த கேள்வி. இதற்குக் காரணம் பிரேக் ஆயில். ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ள ஒரு திரவம். ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்த நிலையில் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 ரகத்துக்கு இந்த எண்கள் 230, 155. ஆகவே பழைய ஆயில் இருக்கும் வண்டியில் முன் டிஸ்க் காய்ந்தால், அதன் பக்கத்திலுள்ள ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது. ஆவியை அழுத்தினால் சுருங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழைச் சுருக்குவதற்கே சரியாகப் போகும். சக்கரம் வரை அழுத்தம் எட்டாது. வண்டி நின்று ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பட்டறைக்குப் போகும்போது குற்றவாளி ஓடிவிட்டான்! ஏர் எடுக்கும்போது கொஞ்சம் புது ஆயில் உள்ளே போவதால் சில நடைகளுக்குச் சரியாக இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேலை பலித்தது போலத் தோன்றியது.

எங்கள் வண்டியில் இருந்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எத்தனை ஆண்டு ஆயிற்றென்று கேட்டார் மெக்கானிக். மாற்றவேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. குறைந்தால் ஊற்றுவோம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மலை ஏறி இறங்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினாலும் நஷ்டமில்லை. எந்த ரகம் என்பது பெரும்பாலும் ஆயில் டப்பா மூடியிலேயே பொறித்திருக்கும். பாதி உபயோகித்துத் திறந்து கிடந்த புட்டியை அடுத்த முறைக்கு வைக்கக் கூடாது, ஈரம் இறங்கியிருக்கும். ஏர் எடுக்கும்போது குழாயில் வந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றும் சிக்கனமும் வேண்டாம்.

இன்னொன்று. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில், ஸ்டியரிங் ஆயில், மண்ணெண்ணெய் எதையும் பிரேக் டப்பாவில் ஊற்றக் கூடாது. உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊறிப் பெருத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வரும். ஆயில் மட்டம் குறைந்திருந்தாலும் உடனே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் சிறிது இறங்குவது இயல்பு. முதலில் பேட்டைப் பாருங்கள். பிறகு சக்கரத்தின் உட்புறம், குழாய் இணைப்புகள் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். இரண்டும் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

சேற்றில் ஓடும் வண்டிக்கு

எங்கள் பின் டிரம்மைக் கழற்றியபோது உள்ளே ஒரு படி செம்மண் இருந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் ஒரு கை இருந்தது. ஷூ தேயும்போது இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் சிறு பற்சக்கரம் துருவேறி அசையாமல் கிடந்தது. தோட்டத்துப் பாதையிலும் வாய்க்காலிலும் இறங்கி ஏறும் வண்டிகளில் இது சகஜம். பெடல் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்தால் மேலே ஏறி வருகிறது என்றால், பெரும்பாலும் இந்த இடைவெளிக் கோளாறுதான். ஆண்டுக்கு இருமுறையாவது, முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். தூசியை வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ வேண்டாம். பழைய ரக லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

யூரியா, பொட்டாஷ் மூட்டைகளையும் எருவையும் ஏற்றி இறக்கிய பின் வண்டியின் அடிப்பாகத்தைத் தண்ணீரடித்துக் கழுவுவது அவசியம். உரத்தின் உப்பு, இரும்புப் பிரேக் குழாயை அரிக்கும். மேலே வண்ணம் இருக்கும். உள்ளே குழாய் தாளாகியிருக்கும். கழுவிய பிறகும் வாய்க்காலைத் தாண்டிய பிறகும் பெடலை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி ஈரத்தை உலர்த்த வேண்டும்.

ஒரு பக்கம் இழுத்தால்?

பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், இழுக்காத பக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பக்கத்து காலிபர் பின்கள் துருவேறிச் சிக்கியிருக்கலாம். லைனிங்கில் கிரீஸ் அல்லது அச்சு ஆயில் இறங்கியிருக்கலாம். ஆயிலில் ஊறிய லைனிங்கைத் தீயில் காட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பயன்படாது. ஆயில் சீலையும் லைனிங்கையும் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ரப்பர் ஓஸ் உட்புறம் உப்பி அடைத்துக்கொள்வதும் உண்டு. மிதிக்கும்போது ஆயில் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகக் காய்கிறது என்று தெரிந்துவிடும்.

மிதித்த பெடல் நிற்காமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் அல்லது எங்கோ கசிவு. பெடல் கல்லாக இறுகி, வண்டி நிற்க மறுத்தால் பூஸ்டரையும் அதற்கு வரும் காற்றுக்குழாயையும் பார்க்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்கினால் பூஸ்டர் நலம்.

டீசல் மிச்சம் என்ற பெயரில்

இந்தப் பூஸ்டர் எஞ்சின் ஓடும்போதுதான் வேலை செய்யும். எஞ்சினை நிறுத்தினால் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் கையிருப்பு இருக்கும். பிறகு முழு பலத்தோடு மிதித்தாலும் பிடிப்பது குறைவு. இது தெரிந்தும் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள், எஞ்சினையே நிறுத்தி உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் டீசல் மிச்சம் என்பார்கள். உண்மையில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரமே எஞ்சினைச் சுற்றும். அப்போது இன்றைய டீசல் எஞ்சினுக்குள் டீசல் போவதே இல்லை. நியூட்ரலில் ஓடும் எஞ்சின்தான் தன்னைச் சுற்றிக்கொள்ள டீசல் குடிக்கிறது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. பாரம் அதிகமிருந்தால் அதற்கும் ஒரு கியர் கீழே. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்து டிஸ்க்குக்கு ஆற நேரம் கொடுக்க வேண்டும். வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பழுத்த டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும், வெடிக்கவும் செய்யும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை என்பது விதி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்பது பிரேக்குக்கும் ஓய்வு.

பெடல் போய்விட்டதென்றால் தம்பி செய்ததே சரியான முறை. விட்டு விட்டு வேகமாக மிதித்துப் பார்க்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கை பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் படிப்படியாக இழுக்க வேண்டும். ஆரனும் விளக்கும் போட்டபடி மலைப்பக்கத்தில் அணைக்க வேண்டும். சாவியை மட்டும் நிறுத்தக் கூடாது. பூஸ்டரும் போய் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார் கணவர் செய்த மோட்டார் வண்டியை மன்ஹைம் ஊரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை முதல் நீண்ட பயணமாக ஓட்டிச் சென்றார். இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்து போகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கட்டைமீது தோலை அடிக்கச் சொன்னாராம். பிரேக் லைனிங் பிறந்த கதை இதுதான் என்பார்கள். அவரும் இறக்கத்தில்தான் கற்றுக்கொண்டார்.

எங்கள் வண்டிக்குச் செய்தது

கூடுதல் பட்டைகளைக் கழற்றினோம். வால்வுக் கம்பி கம்பெனி அளவுக்குச் சரிசெய்யப்பட்டது. பின் டிரம் சுத்தமாகி, பற்சக்கரம் கிரீஸ் பூசி ஓடத் தொடங்கியது. ஆயில் முழுவதும் மாற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி நான்கு சக்கரத்துக்கும் ஏர் எடுத்தோம். முன்பு மூன்று முறை செலவழித்ததில் பாதிகூட ஆகவில்லை.

ஆனால் ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பட்டை போனபின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஒரு நடைக்குப் பத்து மூட்டை குறைந்தது. வாடகையில் அது தெரியத்தான் செய்கிறது. தம்பிக்கு முதலில் வருத்தம். அதிகப் பாரத்துக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அதிகப் பாரத்தில் விபத்தானால் இன்ஷூரன்ஸிலும் தகராறு வரும். தம்பி மனம் மாறியது இதற்காக அல்ல. நசுங்கிய தகரத்தை இன்னும் தட்டி நிமிர்த்தாமல் வைத்திருக்கிறார், கேட்டால் சிரிக்கிறார்.

தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இரண்டு வேல மரக்கட்டைகளை இப்போது சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். மேட்டில் நிறுத்தினால் கை பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. கழற்றிய ஸ்பிரிங் பட்டைகள் நல்ல எஃகு. கொல்லுப்பட்டறையில் கொடுத்தோம், அரிவாள் அடித்துத் தந்தார்கள். தென்னை மட்டை கழிக்க நன்றாக இருக்கிறது.